அல்சூர் பக்கம் திருவாசகம் ஓதும் குழு இருக்கிறதா?

எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஊரை விட்டு எங்களோடு பெங்களூரு வந்துவிட்டார். அங்கே கோயிலில் வாரம் தவறாமல் கூட்டத்தோடு திருவாசகம் ஓதியவர். இங்கே தனியாகப் படிக்க மனசு ஒட்டவில்லை என்கிறார். யூடியூபில் போட்டுக் கொடுத்தேன். "கேக்கறது வேற, கூட உக்காந்து ஓதறது வேறடா" என்று சொல்லிவிட்டார். அதுவும் சரிதான்.

முற்றோதல் அவருக்கு ஒத்துவராது. 51 பதிகமும் முடிய காலையில் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். முட்டி வலி வேறு. வாரம் ஒருநாள் ஓரிரு பதிகம், உட்கார நாற்காலி, அவ்வளவு போதும். அல்சூர், இந்திராநகர் பக்கம் என்றால் மெட்ரோவிலேயே கூட்டி வந்துவிடுவேன்.

பொருள் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் இன்னும் நல்லது. சிவபுராணத்தில் "அவன் அருளாலே அவன்தாள் வணங்கி" வரும்போதெல்லாம் அப்பா விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். கும்பிடுவதே அவன் கொடுத்தது என்றால், நான் பக்தன் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது என்று கேட்கிறார். என்னிடம் கேட்டால்? நான் ஐடிக்காரன், தலையை ஆட்டுவதோடு சரி.

அப்புறம் இன்னொன்று: சீர் பிரித்து, பெரிய எழுத்தில் அச்சிட்ட திருவாசகம் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? அவருடைய பழைய புத்தகத்தில் திருநீறு படிந்து பாதி எழுத்து தெரியவில்லை. மார்கழிக்குள் கிடைத்தால் திருவெம்பாவை இருபதையும் அதிலேயே பாடிவிடுவார்.

தெரிந்தவர்கள் இடம், கிழமை, நேரம் மட்டும் கீழே போடுங்கள்.