டைம்லைனை மேலே வைக்கிற மகான்களுக்கு

உச்சிப்புளி கட்டர்:
நேற்று நம் கல்யாண வீடியோக்காரர்கள் குழுவில் ஒருத்தர் எழுதியிருந்தார். பிரீமியர் புரோ எடிட்டிங் மென்பொருளில் டைம்லைனை, அதாவது கிளிப்புகளை வரிசையாக அடுக்கி வெட்டுகிற பகுதியை, தூக்கி மேலே வைத்துக்கொண்டால் வேலை பாதி நேரத்தில் முடிந்துவிடுமாம். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 16 வருடமாகக் கல்யாண வீடியோ வெட்டுகிறேன். படம் மேலே, டைம்லைன் கீழே. அடுப்புக்கு மேலேதான் பானை. பானைக்கு மேல் அடுப்பை வைத்து எவனாவது சோறு பொங்கியிருக்கிறானா?

தங்கச்சிமடம் தம்பி:
எழுதியது நான்தான் அண்ணே. பெயர் சொல்லியே திட்டலாம். சர்ச் கல்யாணம் என்றால் மூன்று கேமரா, ஒரு ட்ரோன், சாமியார் மைக், பாட்டுக்குழுவுக்குத் தனி டிராக். டைம்லைன் கீழே ஒடுங்கிக் கிடந்தால் பாதி ஆடியோ டிராக் கண்ணிலேயே படாது, உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் மேலே கொண்டுபோனேன்.

உச்சிப்புளி கட்டர்:
உயரம் வேண்டுமென்றால் படம், டைம்லைன் என்று திரையில் உள்ள இரண்டு பேனலுக்கும் (பெட்டிக்கும்) நடுவில் உள்ள கோட்டைப் பிடித்து இழு. கீழே இருந்தபடியே உயரும். எதற்கு மேலே?

தொண்டிக்காரன்:
ஒரு சின்ன சந்தேகம். மேலே என்றால் ஒரே திரையில் மேல்பாதியா, இல்லை மேலே மாட்டியிருக்கிற இரண்டாவது மானிட்டரா? இரண்டும் வேறு விஷயம்.

உச்சிப்புளி கட்டர்:
மேலே என்றால் மேலேதான். தம்பி, பதில் சொல். எதற்கு மேலே?

கீழக்கரை காக்கா:
இந்தத் தலைவலியே வேண்டாம் என்றுதான் நான் டாவின்சி ரிசால்வ் என்ற வேறு எடிட்டிங் மென்பொருளுக்கு மாறினேன். எடிட், கலர், ஒலிக்கு ஃபேர்லைட் என்று ஒவ்வொரு வேலைக்கும் தனிப் பக்கம். பேனலை இஷ்டத்துக்கு இழுத்துப் போட அதில் வழியில்லை. ‘கட்’ என்ற பக்கத்தில் இரண்டு டைம்லைன், முழு வீடியோவையும் காட்டுவது மேலே, ஒரு பகுதியைப் பெரிதாக்கியது கீழே. இரண்டு பேரும் சமாதானமாகப் போகலாம்.

உச்சிப்புளி கட்டர்:
காக்கா, இலவசமாகக் கிடைக்கிறது என்று மாறிவிட்டு வேதாந்தம் பேசாதீர்கள். அந்த இரண்டு டைம்லைனும் இருப்பது திரையின் கீழ்ப்பாதியில். ஆகக் கீழேதான்.

தங்கச்சிமடம் தம்பி:
அண்ணே, பேனலின் பெயர்ப் பட்டையைப் பிடித்து இழுத்தால் மற்ற பேனல்களின் ஓரத்தில் சரிவகம் மாதிரி ஒளிரும். அங்கே விட்டால் பக்கத்தில் ஒட்டும், நடுவில் விட்டால் அதே குழுவில் சேரும். பிறகு விண்டோ மெனுவில் வொர்க்ஸ்பேசஸ் போய் இந்த அமைப்பைப் புதுப் பெயரில் சேமிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் ‘சர்ச்’ ஒன்று, ‘ரீல்ஸ்’ ஒன்று வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் பழையதற்கு மாறிக்கொள்ளலாம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உச்சிப்புளி கட்டர்:
எனக்குத்தான் நஷ்டம். போன வைகாசியில் என் கடைக் கணினியில் நீ உட்கார்ந்துவிட்டுப் போனாய். மறுநாள் முகூர்த்த வீடியோ கொடுக்க வேண்டும். திறந்தால் டைம்லைனைத் தவிர ஒன்றுமே இல்லை. படத்தைக் காணோம்!

தங்கச்சிமடம் தம்பி:
அதையும் சொல்லிவிடுகிறேன். ராத்திரி 11 மணிக்குப் போன் போட்டு ‘சாஃப்ட்வேர் செத்துப்போச்சுடா’ என்றது யார்? எஸ்கேப்புக்குக் கீழே உள்ள விசையில் உங்கள் கை பட்டிருக்கிறது. மவுஸ் எந்தப் பேனல் மேல் நிற்கிறதோ அது திரை முழுக்கப் பரவும். மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நான் சொல்வதற்குள் லேஅவுட்டையே ரீசெட் செய்துவிட்டீர்கள். சேமிக்காமல் வைத்திருந்த என் அமைப்பு போனது. அதற்கு யார் அழுவது?

உச்சிப்புளி கட்டர்:
பேச்சை மாற்றாதே. டைம்லைன் மேலே இருந்ததா, இல்லையா?

தொண்டிக்காரன்:
புதுப் பாம்பன் பாலமே 72.5 மீட்டர் மேலே போகிறது. டைம்லைன் போகக்கூடாதா?

கீழக்கரை காக்கா:
72.5 மீட்டர் என்பது தூக்கு கர்டரின் நீளம், தம்பி. மேலே போவது 17 மீட்டர். தொண்டியில் உட்கார்ந்துகொண்டு பாம்பன் கணக்குச் சொல்லாதே.

தொண்டிக்காரன்:
கீழக்கரை மட்டும் பாலத்துக்கு அடியிலா இருக்கிறது?

உச்சிப்புளி கட்டர்:
பாலமும் கப்பல் போனதும் கீழே இறங்கிவிடும். கவனிக்கவும், கீழே. அண்ணாந்து பார்த்தே வெட்டுகிறவனுக்கு நாற்பது வயதில் கழுத்துப் பட்டைதான்.

தங்கச்சிமடம் தம்பி:
கழுத்துப் பட்டை இப்போது போட்டிருப்பது நீங்கள்தான் அண்ணே. உங்கள் டைம்லைன் கீழேதானே இருந்தது?

உச்சிப்புளி கட்டர்:
அது பைக்கில் விழுந்தது. ஊருக்கே தெரியும்.

தொண்டிக்காரன்:
நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. ஒரு மானிட்டரா, இரண்டா?

தங்கச்சிமடம் தம்பி:
நாளை விடியற்காலை தனுஷ்கோடியில் ஷூட், படுக்கப் போகிறேன். அண்ணே, ‘சர்ச்’ லேஅவுட் வேண்டுமென்றால் அனுப்புகிறேன். ஒரு நாள் போட்டுப் பாருங்கள்.

உச்சிப்புளி கட்டர்:
அதை நீயே வைத்துக்கொள். என் 4 டிபி ஹார்டு டிஸ்க் உன்னிடம் ஐந்து மாதமாக இருக்கிறது, முதலில் அதை அனுப்பு. டைம்லைன் கீழே.