‘கிழக்குவீடு’ குடும்ப வாட்ஸ்அப் குழு: செல்வன் அம்மையின் மாத்திரை

ஜெயா மைனி: அத்தையின் அமெரிக்க மாத்திரை இன்னும் 9 தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 3. ஞாயிறு சுஜாவின் ஏழாம் மாதச் சடங்குக்கு முன்னாலேயே தீர்ந்துவிடும். செல்வன் அத்தான் பார்க்கவும். வடசேரியில் நான்கு மருந்துக்கடை ஏறி இறங்கிவிட்டேன். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை விரிக்கிறார்கள்.

பிரபா: பெயர் என்ன மைனி

ஜெயா மைனி: அசிட்டோஹைட்ராக்சாமிக் ஆசிட் 250. வாயில் நுழையவில்லை.

விஜயன் மாமா: அக்காள் வாயில் நுழைந்தால் போதும்.

ராஜன் சித்தப்பா: வேதியியல் வாத்தியார் என்ற முறையில் சொல்லிவிடுகிறேன். செல்வன் அம்மைக்கு இருப்பது சாதாரண நீர்க்கடுப்பு இல்லை. புரோட்டியஸ் போன்ற சில கிருமிகளிடம் யூரியேஸ் என்று ஒரு நொதி உண்டு. சிறுநீரில் இருக்கும் யூரியாவை அது உடைத்து அமோனியா ஆக்கும். வயலில் யூரியா வீசிவிட்டு வந்தால் சில நாளில் மூக்கில் ஏறுமே, மண்ணில் அந்த வேலையைச் செய்வதும் யூரியேஸ்தான். அமோனியா கூடினால் சிறுநீரின் காரத்தன்மை கூடும். அப்போது மக்னீசியமும் பாஸ்பேட்டும் அதோடு சேர்ந்து கல்லாகும். மான்கொம்பு மாதிரி கிளைவிட்டுச் சிறுநீரகத்தையே அடைத்துக்கொள்ளும். கிருமி அந்தக் கல்லுக்குள் குடியிருக்கும், ஆன்டிபயாட்டிக் அங்கே சரியாக எட்டாது. தொடரும்.

பிரபா: தொடருமா!

ராஜன் சித்தப்பா: இந்த மாத்திரை கிருமியைக் கொல்லாது. நொதியின் நடுவில் இரண்டு நிக்கல் அணு இருக்கிறது. மாத்திரை போய் அதைப் பிடித்துக்கொள்ளும், நொதியின் கை கட்டப்பட்டுவிடும். அமோனியா குறைந்தால் கல் வளர்வது குறையும், ஆன்டிபயாட்டிக்கும் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும். உலகத்திலேயே முதன்முதலாகப் படிகமாக்கிய நொதியும் யூரியேஸ்தான். 1926-இல் சம்னர், நம் தம்பட்டை அவரைக்கு உறவான ஒரு பயற்றிலிருந்து எடுத்தார். 1946-இல் நோபல் கொடுத்தார்கள்.

விஜயன் மாமா: அவரை இருக்கட்டும். ஞாயிறு அவியலுக்குக் காய் யார் வாங்குவது? இலை 200-ஆ 250-ஆ? சமையல்காரர் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.

பிரபா: *பலமுறை பகிரப்பட்டது:* வாழைத்தண்டுச் சாறு! ஏழே நாளில் கல் கரையும்! அனைவருக்கும் பகிரவும்!

குவைத் ஷீலா: இதை நம்பி உட்காராதே பிரபா.

குவைத் ஷீலா: மைனி, பெரியம்மாவுக்கு ரத்தம் எப்போது பார்த்தது?

ஜெயா மைனி: போன வாரம். ஹீமோகுளோபின் 8.6. ரத்தக்குறைவு என்று இரும்பு மாத்திரை எழுதினார்கள்.

குவைத் ஷீலா: அந்த டாக்டரிடம் அமெரிக்க டப்பாவைக் காட்டினீர்களா?

ஜெயா மைனி: அவர் கேட்கவில்லையே.

குவைத் ஷீலா: அவரிடம் பேசும் வரை இரும்பு கொடுக்க வேண்டாம். இந்த மருந்து இரும்பையும் பிடித்துக் கட்டிவிடும். இரண்டும் வீண்.

குவைத் ஷீலா: ரத்தம் குறைந்ததே இதனால் இருக்கலாம். சிவப்பணுவை உடைக்கும். தொடங்கி 2 வாரத்தில் ஒரு தடவை பார்க்கணும், அப்புறம் 3 மாதத்துக்கு ஒரு தடவை.

ராஜன் சித்தப்பா: நான் அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன்.

குவைத் ஷீலா: அப்பா, சும்மா இருங்கள்.

சுஜா: ஷீலா அத்தை, ஆச்சி மாத்திரையையும் என் இரும்பு மாத்திரையையும் அம்மை ஒரே பிஸ்கட் டப்பாவில்தான் வைத்திருக்கிறாள்.

குவைத் ஷீலா: ஐயோ. உடனே மாற்று மக்கா. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அது தவறிக்கூட உள்ளே போகக் கூடாது.

சுஜா: எண்ணிவிட்டேன். 9 இருக்கிறது. நான் விழுங்கவில்லை. இப்போது அலமாரி மேல்தட்டில்.

ஜெயா மைனி: ஒரு டப்பாதானே சுத்தமாக இருந்தது, அதில் வைத்தேன். ஷீலா, அத்தைக்குக் கையெல்லாம் சிவந்து தடித்திருந்ததே, அதுவும் இதனாலா? நான் கத்தரிக்காய் என்று நினைத்தேன்.

குவைத் ஷீலா: சாராயம் சேர்ந்தால் அப்படி வரும்.

ஜெயா மைனி: சாராயமா! அத்தையா!

சுஜா: தசமூலாரிஷ்டம். ராத்திரி சாப்பிட்டபின் இரண்டு மூடி.

குவைத் ஷீலா: அரிஷ்டம் புளித்து ஊறியதுதானே. யார் வாங்கிக் கொடுத்தது?

விஜயன் மாமா: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

பிரபா: அப்பா, நான் படித்துவிட்டேன்.

அமெரிக்கா செல்வன்: இப்போதுதான் எழுந்தேன். அம்மைக்கு 45 நாளுக்குக் கணக்காகக் கொடுத்துவிட்டேன். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டது யார்?

ஜெயா மைனி: பேத்தியின் சடங்கைப் பார்க்காமல் போகமாட்டேன் என்று அத்தைதான் சொன்னார்கள். எங்களைக் கேட்காதீர்கள்.

ராஜன் சித்தப்பா: மாத்திரை ஒரு துணைதான் செல்வா. மிச்சக் கல்லை எடுக்காமல் இதை மட்டும் விழுங்கிக்கொண்டிருந்தால் தீராது.

அமெரிக்கா செல்வன்: டாக்டரும் அதைத்தான் சொன்னார். அம்மைதான் இன்னொரு தடவை கத்தி வேண்டாம் என்று அழுதாள்.

விஜயன் மாமா: திருவனந்தபுரத்தில் எடுத்துவிடலாம். எனக்குத் தெரிந்த ஆள் உண்டு.

ஜெயா மைனி: ஆஸ்பத்திரியில் கூட இருப்பது யார் மாமா? போன தடவையும் நான்தான். தோப்புத் தேங்காய்க் கணக்குக் கேட்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

பிரபா: வேன் தக்கலை வழியா, திங்கள்நகர் வழியா?

அமெரிக்கா செல்வன்: ஜெயா, கணக்கை நான் கேட்கவில்லை. மணிதான் அனுப்பினான். சரி, அதை விடு. என்னோடு வேலை செய்கிறவர் ஒருவர் வெள்ளி காலை திருவனந்தபுரத்தில் இறங்குகிறார். மாத்திரை கொடுத்து அனுப்பவா?

குவைத் ஷீலா: முதலில் ரத்தம். உங்கள் டாக்டரிடம் 8.6 என்று சொல்லுங்கள் அண்ணா. அவர் தொடரலாம் என்றால் அனுப்புங்கள்.

அமெரிக்கா செல்வன்: இன்று கூப்பிடுகிறேன். கிடைப்பாரா தெரியவில்லை.

ஜெயா மைனி: நாளை காலை ரத்தம் எடுக்க ஆள் வரச்சொல்கிறேன். அதுவரை 3 வீதம் கொடுக்கவா, நிறுத்தவா?

குவைத் ஷீலா: இப்போதே இங்குள்ள டாக்டரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். டியூட்டி. அப்புறம் வருகிறேன்.

ராஜன் சித்தப்பா: நிக்கலைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று.

விஜயன் மாமா: இலை 250 சொல்லிவிட்டேன்.

ஜெயா மைனி: அத்தை பேசியது. *குரல் செய்தி 0:47*

குவைத் ஷீலா: டியூட்டியில் கேட்க முடியாது. என்ன சொல்கிறார்கள்?

சுஜா: பாயசத்துக்குப் போளி உண்டா என்று கேட்கிறாள்.