பல் துலக்க வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள்

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு 10 மாதம். கீழே இரண்டு பல் முளைத்துவிட்டது, மேலேயும் ஈறு தடித்திருக்கிறது. பல் வரும்வரை நனைத்த மல் துணியால் ஈறைத் துடைப்பேன், சிரித்துக்கொண்டே வாயைத் திறப்பாள். இப்போது விரலை வைத்ததும் நறுக்கென்று கடிக்கிறாள். விரலில் மாட்டும் சிலிக்கான் பிரஷ்ஷையும் கடித்து இழுத்துவிட்டாள்.

காலையும் இரவும் அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் வைத்துத் தேய்க்கும்படி பல் மருத்துவர் சொன்னார். அத்தைக்கோ, பிள்ளை விழுங்கிவிடுமே என்று பயம். "விழப்போற பல்லுதானே" என்கிறார். ஆனால் புட்டிப் பாலோடு தூங்கிப் பழகிய பக்கத்து வீட்டுப் பையனுக்கு 2 வயதிலேயே முன்பற்கள் கறுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். என்னால் அப்படி விட முடியாது.

இரவுதான் பெரிய சிக்கல். பால் குடித்தபடியே தூங்கிவிடுகிறாள், எழுப்பித் துடைக்க மனம் வரவில்லை. நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்? மடியில் படுக்கவைத்தா, உட்காரவைத்தா? அப்புறம், இந்த வயதுக்குக் கடி தாங்கும் சின்ன பிரஷ் எதுவும் இருந்தால் சொல்லுங்கள்.