கோதுமைப்புல் சாறு: வீட்டில் இருக்கிற சாமானை வைத்தே எடுக்க முடியுமா?

மாடித்தோட்டக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்காக மாடியில் தட்டுகளில் கோதுமைப்புல் வளர்க்கிறேன். மளிகைக்கடை சம்பா கோதுமைதான், இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டி, தென்னைநார்க் கழிவில் தூவிவிட்டால் நன்றாகவே வருகிறது. வளர்ப்பதில் தொல்லை இல்லை, சாறு எடுப்பதில்தான் தகராறு. மிக்ஸியோடு வந்த ஜூஸர் ஜாரில் போட்டால் ஒரு கைப்பிடிப் புல்லுக்கு இரண்டு ஸ்பூன் நுரை கிடைக்கிறது, மீதிப் புல் முக்கால்வாசி அப்படியே வலையில் அப்பிக்கொண்டு நிற்கிறது, அதைச் சுரண்டிக் கழுவி முடிப்பதற்குள் காலை டிபன் வேலை கெட்டுவிடுகிறது. கடையில் கேட்டால் ஸ்லோ ஜூஸர் வாங்குங்கள் என்கிறார்கள், விலையைப் பார்த்தால் புது கிரைண்டரே வாங்கிவிடலாம் போல. வீட்டில் அம்மி இருக்கிறது, சின்ன இடிகல் இருக்கிறது, டேபிள் டாப் கிரைண்டர் இருக்கிறது. யாராவது இதில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் தேன், வெல்லம் எதுவும் சேர்க்க முடியாது.

சட்னி ஜார்:
அந்த ஜூஸர் ஜாரை விட்டுவிடுங்கள், அது கேரட்டுக்கும் ஆப்பிளுக்கும் செய்தது. காயைத் துருவி, வேகமாகச் சுற்றி, சாற்றை வலை வழியாக வெளியே வீசும், அவ்வளவுதான் அதன் வேலை. புல்லில் துருவ என்ன சதை இருக்கிறது? வெறும் நார். அதை நசுக்கினால்தான் சாறு விடும், எவ்வளவு சுற்றினாலும் விடாது.

மிக்ஸியிலேயே எடுக்கலாம், ஆனால் சட்னி அரைக்கிற சின்ன ஜாரில். புல்லைக் கழுவி, கத்தரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள், இதில் சோம்பல் பட்டால் நீள நாரெல்லாம் பிளேடைச் சுற்றிக்கொள்ளும். ஒரு கைப்பிடிப் புல்லுக்குக் கால் டம்ளர் குளிர்ந்த தண்ணீர், இரண்டு ஐஸ் கட்டி. விட்டு விட்டு ஓட்டுங்கள், ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடேறி, கீரை வெந்த வாடை வந்துவிடும். மிக்ஸி மோட்டார் நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்குப் பக்கமாகப் போகிற சாமான், ஐஸ் போடுவது அந்தச் சூட்டுக்காகத்தான். பிறகு தேங்காய்ப்பால் பிழிகிற மெல்லிய துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். சக்கையைத் திரும்ப ஜாரில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு இன்னொரு ஓட்டு ஓட்டினால் இரண்டாம் பாலும் கிடைக்கும். டீ வடிகட்டி போதாது, பொடி நார் இறங்கித் தொண்டையில் கரகரக்கும். ஜாரைக் கழுவும்போது பிளேடுக்கு அடியில் பாருங்கள், பச்சை நார் கயிறு மாதிரி சுற்றியிருக்கும், எடுக்காவிட்டால் மறுநாள் சட்னியில் வரும்.

அம்மிக்கல்:
மிக்ஸி வழி சரிதான், ஆனால் தண்ணீர் சேர்ந்துவிடுகிறதே. கெட்டியான சாறு வேண்டுமென்றால் கல்தான். அம்மியைவிட இடிகல் வசதி, ஏனென்றால் அம்மியில் சாறு ஓரத்தில் வழிந்து மேடையெல்லாம் பச்சையாகிவிடும். இடிகல்லில் நறுக்கிய புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, முதலில் இடித்து, அது குழைந்து கரும்பச்சையானதும் குழவியை ஓரத்தோடு சேர்த்து அழுத்தி உருட்டுங்கள். தண்ணீர் ஒரு ஸ்பூன் தெளித்தால் போதும். கல்லில் முன்பு பூண்டு, மிளகு இடித்திருந்தால் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் ரசம் குடித்த மாதிரி இருக்கும்.

கையால் பிழிவதில்தான் பாதி சாறு சக்கையிலேயே தங்குகிறது, அதற்கு ஒரு வழி சொல்கிறேன். குழைந்த புல்லைத் துணியில் சின்ன மூட்டையாகக் கட்டி, முறுக்கு நாழியில் இடியாப்ப அச்சைப் போட்டு, மூட்டையை உள்ளே வைத்து அழுத்துங்கள். கைப்பிடியைத் திருகுகிற மாதிரியான எவர்சில்வர் நாழியாக இருந்தால் நல்லது. திருகத் திருக முதலில் நுரை வரும், பிறகு அடர்த்தியான சாறு சொட்டுச் சொட்டாக இறங்கும், கடைசியில் துணியைப் பிரித்தால் உள்ளே காய்ந்த வைக்கோல் வில்லை ஒன்றுதான் இருக்கும். மர நாழி வேண்டாம், பச்சை ஏறிவிடும், அப்புறம் தீபாவளி முறுக்கு என்ன நிறத்தில் வருமென்று சொல்ல முடியாது.

ஒருவருக்கு மட்டும் என்றால் இது போதும். தினமும் வீட்டில் நாலு பேருக்கு என்றால் கை போய்விடும்.

திருகு மெஷின்:
நான் கையால் சுற்றுகிற ஜூஸர் வைத்திருக்கிறேன். கொத்துக்கறி அரைக்கிற மெஷின் மாதிரியே உள்ளே ஒரு திருகுதண்டு, அது புல்லை முன்னால் தள்ளிக்கொண்டே போய் நசுக்கும், சாறு கீழே, சக்கை முன்னால். மின்சார ஸ்லோ ஜூஸரும் இதே வேலையைத்தான் செய்கிறது, நிமிடத்துக்கு 40 முதல் 80 சுற்றுவரை மெதுவாகப் போகும். அதில் நுரை குறைவு, புல்லின் எடையில் பாதிக்குப் பக்கமாகச் சாறு எதிர்பார்க்கலாம். கையால் சுற்றுவது விலை குறைவு, கரண்ட் வேண்டாம், ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அதை மேசை விளிம்பில் திருகி மாட்ட வேண்டும். நம் வீட்டு கிரானைட் மேடைக்கு விளிம்பு கனமாக வைத்திருப்பார்கள், அடியில் அலமாரி வேறு, கவ்வி அதில் பிடிக்காது. நான் பழைய மரப் பெஞ்சில்தான் மாட்டுகிறேன். வார்ப்பிரும்பு மாடலாக இருந்தால் கழுவியவுடன் துடைத்துக் காயவைக்க வேண்டும், ஈயப்பூச்சு போன இடத்தில் துரு பிடிக்கும்.

மின்சார மெஷின்தான் என்று முடிவு செய்தால் படுக்கை வாக்கில் இருப்பது கீரை, புல்லுக்கு ஏற்றது. நின்ற வாக்கில் இருப்பதில் நீள நார் தண்டைச் சுற்றி அடைக்கும், பொடியாக நறுக்கித்தான் போட வேண்டும். எதிலும் மொத்தமாகத் திணிக்காதீர்கள், பத்துப் பதினைந்து இழையாக விட்டு, கடைசியில் ஒரு துண்டு இஞ்சியோ வெள்ளரியோ போட்டால் உள்ளே தங்கியதைத் தள்ளிக்கொண்டு வரும். சல்லடையை உடனே பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும், காயவிட்டால் அவ்வளவுதான்.

மாடித்தோட்டக்காரி:
அனைவருக்கும் நன்றி. சட்னி ஜார் வழியில் இன்று எடுத்தேன், நுரைத் தொல்லை பாதியாகக் குறைந்துவிட்டது. ஆனால் கசப்பு அதிகம், அம்மா முகம் சுளிக்கிறார். புல் ஒரு ஜாணுக்கு மேல் உயரமாக இருந்தது, அடியோடு அறுத்தேன். அதனாலா?

சட்னி ஜார்:
அதனாலேதான். முதல் இலையின் நடுவிலிருந்து இரண்டாவது இலை பிரிய ஆரம்பிக்கும்போதே அறுத்துவிட வேண்டும், நம் வெயிலில் அது ஏழு முதல் பத்து நாளுக்குள் வந்துவிடும், உயரம் ஒரு ஜாணுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அதைத் தாண்டினால் நார் முற்றும், கசப்பு ஏறும், நீங்கள் எந்த மெஷினில் போட்டாலும் சாறு குறையும். அடிப்பக்கம் வெளுத்திருக்கிற தண்டை விட்டுவிட்டு, அரை அங்குலம் மேலே வெட்டுங்கள். அந்தத் தட்டிலேயே மறுபடி தழையும், ஆனால் இரண்டாவது அறுப்பு முதல் அறுப்பு மாதிரி இனிக்காது. எலுமிச்சை ரெண்டு சொட்டு, ஒரு துண்டு இஞ்சி சேர்த்து அரைத்தால் சர்க்கரை இல்லாமலே குடிக்கலாம்.

வெறும் கண்:
சாறு எடுக்கிற வழி எல்லாம் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான் அம்மாவைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைக்கு இதைக் கொடுப்பதாக இருந்தால் மாத்திரையில் கை வைக்காதீர்கள். இந்தச் சாற்றை உலகமெல்லாம் பரப்பிய ஆன் விக்மோர் என்ற அம்மையார் மீதே, தன் முறையைப் பின்பற்றினால் இன்சுலின் தேவை குறையும், இல்லாமலே போகும் என்று சொன்னதற்காக 1982-ல் மாசசூசெட்ஸ் மாநில அரசு வழக்குப் போட்டது, அவர் தோற்று அந்தப் பேச்சை விட்டார். ‘பச்சை ரத்தம்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதும் அப்படித்தான். பச்சையத்தின் நடுவில் இருப்பது மெக்னீசியம், ரத்தச் சிவப்பில் இருப்பது இரும்பு, வடிவம் ஒத்திருப்பதால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடாது. ஒரு கீரையைக் குடிக்கிற மாதிரி குடித்தால் சரி.

அம்மா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி மாத்திரை எதுவும் எடுத்தால் டாக்டரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம், பச்சை இலைகளில் உள்ள வைட்டமின் கே அதன் வேலையைக் கெடுக்கும். அப்புறம் தட்டை ஒருமுறை உற்றுப் பாருங்கள். விதை நெருக்கமாகவும் காற்றோட்டம் இல்லாமலும் இருந்தால் புல்லின் அடியில் வெள்ளையாகப் பூசணம் படரும். வேரில் மெல்லிய வெண்முடி இருப்பது இயல்பு, தண்ணீர் தெளித்தால் படிந்துவிடும், ஆனால் விதை மேல் பஞ்சு மாதிரி கட்டி, புளித்த வாடை வந்தால் அந்தத் தட்டை மொத்தமாக உரக்குழியில் போடுங்கள். பச்சையாகக் குடிக்கிற சாமான், வேகவைக்கவும் போவதில்லை. நீங்கள் மளிகைக்கடைக் கோதுமை வாங்குவது நல்லதுதான், விதைக்கடையில் மருந்து தடவி நிறம் ஏற்றிய விதையை இதற்கு வாங்கவே கூடாது.

மாடித்தோட்டக்காரி:
வார்ஃபரின் இல்லை சார், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும்தான். இருந்தாலும் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்டுவிடுகிறேன். கிரைண்டரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை.

அம்மிக்கல்:
ஒரு கைப்பிடிப் புல்லுக்கு கிரைண்டர் வேண்டாம், கல்லுக்கும் பாத்திரத்துக்கும் பூசிக்கொண்டு ஒன்றும் தேறாது. மூன்று நாலு தட்டுப் புல்லை ஒரே நேரத்தில் அறுத்தால் ஓடும், பொடியாக நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, குழைந்ததும் வழித்துப் பிழிய வேண்டும். ஆனால் எடுத்த சாறு நேரம் ஆக ஆகப் பழுப்பாகும், வாசனையும் மாறும், ஃபிரிட்ஜில் வாரம் முழுக்க வைக்க முடியாது. ஐஸ் தட்டில் ஊற்றி உடனே உறையவைத்து, கட்டியானதும் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், காலையில் ஒரு கட்டியை டம்ளரில் போட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். புதுச் சாற்றின் ருசி இருக்காது. மறுநாள் இட்லிக்கு அரைக்கப் போவதாக இருந்தால் மட்டும் முந்தின நாள் கிரைண்டரில் புல் போடாதீர்கள், கல் இடுக்கிலிருந்து அந்தப் பச்சை போக உளுந்து ஒரு ஈடு அரைக்க வேண்டியிருக்கும்.