மறு: 'அக்ளிமடைசேஷன்' – தகவமைப்பா, உயரப் பழகலா?

வணக்கம் ஐயா. மலையேறுபவரின் உடல் உயரத்துக்குப் பழகுவதை ஆங்கிலத்தில் 'அக்ளிமடைசேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இது.

> 'தகவமைப்பு' என்று பாடநூலிலேயே இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

பொதுக் கட்டுரைக்கு அது போதும். உயர்மலை உடலியங்கியலுக்குப் போதாது. திபெத்தியர்களிடம் இபிஏஎஸ்1 போன்ற மரபணுக்கள் வழியே தலைமுறைகளாகப் படிந்த மாற்றம் ஒன்று. சமவெளியிலிருந்து மலைக்குப் போனவருக்குச் சில நாளில் மூச்சு பிடிபடுவது வேறொன்று; அதுதான் அக்ளிமடைசேஷன். இது கீழே இறங்கியதும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். பாடநூலின் தகவமைப்பு முதலாவதற்குத்தான் சரி.

இரண்டாவதில் முக்கியமானது கால அவகாசம். 1875 ஏப்ரலில் 'ஜெனித்' பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் பக்கத்திலேயே இருந்தும் கையைத் தூக்கி எடுக்கத் தெம்பில்லை. திசாந்தியே ஒருவர்தான் பிழைத்தார். 1978இல் மலையேறிகள் மெஸ்னரும் ஹேபலரும் ஆக்சிஜன் உருளை இல்லாமலே 8,848 மீட்டர் உள்ள எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். பலூன் கிடுகிடுவென ஏறியது. இவர்கள் வாரக்கணக்கில் மலையில் தங்கி ஏறினார்கள்.

அந்த வாரங்களில் உடம்பு என்ன செய்கிறது? பிரெஞ்சு உடலியங்கியலாளர் போல் பேர் 1878இலேயே அடிப்படையைச் சொல்லிவிட்டார்: தொல்லைக்குக் காரணம் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் தரும் அழுத்தம், குறைவதுதான். (காற்றில் அதன் பங்கு மேலேயும் 21 விழுக்காடுதான். 'மலைக்காற்றில் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு' என்று எழுதுவதை இனியாவது விட்டுவிடுவோமே.) 1911இல் உடலியங்கியலாளர் ஹால்டேனின் குழு அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் சுமார் 4,300 மீட்டரில் வாரக்கணக்கில் தங்கி அளந்தது. மூச்சு கூடக் கூட நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடு குறைந்தது. நுரையீரலே ஆக்சிஜனைச் சுரந்து ரத்தத்தில் தள்ளுகிறது என்றும் ஹால்டேன் நம்பினார். இன்னொரு உடலியங்கியலாளர் பார்கிராஃப்ட் ஒப்பவில்லை. 1920இல் ஆக்சிஜன் குறைத்த கண்ணாடி அறைக்குள் ஆறு நாள் இருந்து, தன் மணிக்கட்டுத் தமனியைத் திறந்தே ரத்தம் எடுக்கவைத்தார்! சுரப்புக் கொள்கை நிலைக்கவில்லை. மூச்சு பற்றிய ஹால்டேனின் அளவீடு நிலைத்தது. 1981இல் மருத்துவர் பிட்ஸோ எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தத்தை அளந்தார்: 253 மில்லிமீட்டர் பாதரசம், கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே அவர் நுரையீரலில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 7.5 மில்லிமீட்டர், சாதாரணமாக 40 இருக்கும். அவ்வளவு மூச்சு!

அதனால்தான் 'சூழலிணக்கம்' என்ற இன்னொரு சொல்லும் எனக்கு ஒட்டவில்லை. சும்மா இணங்கிப் போகிற வேலையா இது? என் பரிந்துரை 'உயரப் பழகல்'. 'பழகாத உடல்', 'பழகு நாள்கள்', 'பழகி ஏறினார்' என்றெல்லாம் தடங்கலின்றி வருகிறது. 'பழக்கம்' என்றால் புகைப்பழக்கம் மாதிரி ஆகிவிடும், அதனால் 'பழகல்'. பேச்சுவழக்கு நெடி அடிக்கிறது என்பீர்கள், அடிக்கட்டுமே.

அப்புறம், உடலுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காத நிலையான ஹைபாக்சியாவுக்கு 'ஆக்சிஜன் இன்மை' வேண்டாம். இன்மை என்றால் அறவே இல்லை என்றாகிவிடும். 'ஆக்சிஜன் குறை' சரி.

இன்னும் பிடிபடாதது ஒன்றுதான்: இறங்கியபின் பழகல் விட்டுப்போவதற்கு என்ன பெயர்? 'பழகல் நீக்கம்' என்றால் யாரோ வேண்டுமென்றே நீக்கியதுபோல் இருக்கிறது. 'பழகல் தேய்வு' என்று வைக்கலாமா?