அமெரிக்க அரசு ஒப்பந்தக் கணக்கு: டிசம்பர் 31 முடிப்பில் ஓவர்ஹெட் வீதம் 42இலிருந்து 46 சதவீதமாகிவிட்டது

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் துறைகளுக்குப் பொறியியல் பணி செய்து தரும் ஒரு சிறு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் சில மாதங்களாகப் பணியாற்றுகிறேன். இதுவரை தனியார் வணிகக் கணக்குகளையே பார்த்து வந்ததால், அரசு ஒப்பந்ததாரர் ஒருவரின் ஆண்டுக் கணக்கை முடிப்பது எனக்கு இதுவே முதல் முறை. எங்களிடம் மூன்று ஒப்பந்தங்கள் உள்ளன. ஒன்று, செலவைத் திருப்பித் தந்து அதற்கு மேல் நிர்ணயித்த கட்டணத்தையும் தருகிற காஸ்ட் பிளஸ் வகை. இன்னொன்று மணிக்கணக்கில் கூலி பெறும் வகை. மூன்றாவது நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டது.

எந்த ஒப்பந்தத்துக்கும் தனியாகச் சேராத பொதுச் செலவான ஓவர்ஹெட்டை நேரடிக் கூலியின், அதாவது ஒப்பந்த வேலைக்கே கொடுத்த கூலியின், சதவீதமாகக் கணக்கிடுகிறோம். இந்த ஆண்டு முழுவதும் 42 சதவீதம் என்ற தற்காலிக ஓவர்ஹெட் வீதத்தில் பில் அனுப்பினோம். இப்போது பேரேட்டைக் கூட்டிப் பார்த்தால் ஓவர்ஹெட் தொகுப்பு 5,52,000 டாலர், நேரடிக் கூலி 12,00,000 டாலர்; ஆக வீதம் 46 சதவீதம். காஸ்ட் பிளஸ் ஒப்பந்தத்தின் நேரடிக் கூலி 5,00,000 டாலர் என்பதால், 20,000 டாலருக்கு டிசம்பர் தேதியிட்டு ஒரு கூடுதல் பில் அனுப்பிவிடலாமா?

அதே ஒப்பந்தத்தின் நிதி வரம்பும் முடியப் போகிறது. ஆகவே ஒரு பொறியாளரின் 60 மணி நேரத்தை ஒரே ஜர்னல் பதிவில் ஓவர்ஹெட்டுக்கு மாற்றிவிடுமாறு மேலாளர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் எந்த விதியைக் காட்டி மறுப்பது என்றும் தெரியவில்லை.

பதில் 1

வணக்கம். முதலில் அந்த 46 சதவீதத்தையே நம்பிவிடாதீர்கள். 5,52,000 டாலருக்குள் என்னென்ன இருக்கின்றன என்று வவுச்சர் வாரியாகப் பார்த்தீர்களா? கடன் வட்டி, மது, கேளிக்கை, நன்கொடை, அபராதம், வாராக்கடன் ஆகியவற்றைக் கூட்டாட்சிக் கொள்முதல் ஒழுங்குமுறையின், அதாவது எஃப்ஏஆரின், 31ஆம் பகுதி ஏற்பதில்லை. வணிகக் கணக்கில் இவை முறையான செலவுகளே. வருமான வரிக்குக்கூட இவற்றில் சில கழிக்கப்படலாம். ஆனால் அரசிடம் கோரும் தொகுப்பில் அவை ஒரு டாலர் அளவுக்குக்கூட இருக்கக் கூடாது. இப்படி வெளிப்படையாக ஏற்கப்படாத செலவை, நிதியாண்டு முடிந்தபின் அரசுக்குத் தரும் இறுதி வீத அறிக்கையில் சேர்த்துக் கோரினால், பெருந்தொகை ஒப்பந்தங்களில் அந்தத் தொகையை மறுப்பதோடு நில்லாமல், அதற்குச் சமமான அபராதத்தையும் வட்டியையும் விதிப்பார்கள்.

60 மணி நேரம் குறித்து: மேலாளர் சொல்வதைச் செய்யாதீர்கள். அந்தப் பொறியாளர் எந்த ஒப்பந்தத்துக்காக உழைத்தாரோ அந்த ஒப்பந்தத்தின் செலவுதான் அது. பணம் வருமா வராதா என்பது வேறு கேள்வி. வரம்பைத் தாண்டிய செலவு அதே ஒப்பந்தத்தின் பெயரிலேயே நிற்க வேண்டும், அதை நிறுவனம் தாங்க வேண்டும். ஓவர்ஹெட்டுக்கு மாற்றினால் ஒரு துறையின் வேலைக்கு மற்றத் துறைகளும் பணம் கொடுத்ததாக ஆகிவிடும். மணிக்கு 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், 3,000 டாலர் தொகுப்பில் கூடுகிறது, அதே 3,000 நேரடிக் கூலியில் குறைகிறது. ஒரே பதிவு வீதத்தை இரண்டு பக்கமும் உயர்த்துகிறது. தெரிந்தே செய்தால் இது 1863ஆம் ஆண்டின் பொய்க் கோரிக்கைச் சட்டத்தின் கீழ் வரக்கூடியது. அங்கே இழப்பீடு மூன்று மடங்கு.

கேட்டவரின் மறுமொழி

மிக்க நன்றி ஐயா. வவுச்சர்களைப் பிரித்துப் பார்த்தேன். வங்கிக் கடன் வட்டி 9,000 டாலரும், ஆண்டிறுதி விருந்தில் மதுவுக்குச் செலவான 3,000 டாலரும் ஓவர்ஹெட்டுக்குள் இருந்தன. அவற்றை நீக்கினால் 5,40,000, அதாவது 45 சதவீதம். ஆகவே வேறுபாடு 20,000 அல்ல, 15,000 டாலர்.

பதில் 2

அந்த இரண்டு தொகைகளையும் வெறுமனே அழித்துவிடாமல், ஏற்கப்படாத செலவுகளுக்கென்று பேரேட்டில் தனிக் கணக்குகள் திறந்து அங்கே மாற்றுங்கள். அடுத்த ஆண்டிலிருந்து பில் வந்த அன்றே அங்கே பதிவாகட்டும். டிசம்பரில் உட்கார்ந்து தேடுவது எப்போதும் எதையாவது தவறவிடும்.

15,000 டாலரைப் பொறுத்தவரை, நீங்களாகவே 45 சதவீதம் போட்டு பில் அனுப்ப முடியாது. தற்காலிக வீதம் இரு தரப்பும் ஒப்புக்கொண்டது. அதை முன்தேதியிட்டுத் திருத்துவதற்கும் இரு தரப்பின் இசைவு வேண்டும். அரசுத் தரப்பின் ஒப்பந்த அலுவலருக்கோ, பாதுகாப்பு ஒப்பந்தத் தணிக்கை முகமையான டிசிஏஏவுக்கோ கணக்கீட்டுடன் எழுதி, திருத்திய வீதத்தைக் கேளுங்கள். மணிக்கூலி ஒப்பந்தத்தில் மணி விலை ஏற்கெனவே நிர்ணயமானது, நிலையான விலை ஒப்பந்தத்திலும் விலை மாறாது. ஆகவே அவற்றில் இந்த உயர்வைக் கோர இடமில்லை. ஆயினும் அவற்றின் கூலியும் 12 லட்சத்துக்குள் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

இதைவிட அவசரமானது நிதி வரம்பு. செலவு வரம்பு விதியின்படி, அடுத்த 60 நாட்களில் ஆகக்கூடிய செலவையும் சேர்த்தால் மொத்தம் மதிப்பீட்டின் 75 சதவீதத்தைத் தாண்டும் என்று தெரிந்தவுடன் ஒப்பந்த அலுவலருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். அந்தச் செலவில் ஓவர்ஹெட்டும் அடக்கம். வீதம் 42இலிருந்து 45 ஆனதே உங்களை வரம்புக்கு அருகில் தள்ளியிருக்கலாம். அறிவிப்பு போகவில்லையென்றால் இன்றே அனுப்புங்கள். வரம்புக்குள் அடங்கும் பகுதியை மட்டும் பில் செய்யப்படாத வருவாயாக ஆண்டுக் கணக்கில் காட்டுங்கள்.

பதில் 3

கூலி ஒத்திசைவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனெனில் இதில்தான் நான் அடிபட்டேன். நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள், உங்களைப் பொறுத்தவரை ஜூன் 30க்குள், இறுதி மறைமுக வீத அறிக்கையைக் கொடுக்க வேண்டும். துணைத் தலைவர் அல்லது தலைமை நிதி அலுவலர் நிலைக்குக் குறையாத ஒருவர் அதற்குச் சான்றளித்துக் கையெழுத்திட வேண்டும். அந்த அறிக்கையில் எல் என்ற அட்டவணை, ஊழியர்களுக்குக் கொடுத்த மொத்த ஊதியத்தையும் ஒப்பந்தங்களுக்குப் பகிர்ந்த கூலியையும் ஒப்பிட்டுக் காட்டச் சொல்கிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் இந்த இரண்டும் 31,000 டாலர் இடைவெளியில் நின்றன. மொத்த ஊதியத்தைக் காலாண்டுதோறும் தெரிவித்து வரித்துறைக்குக் கொடுக்கும் 941 படிவம் ஊதியம் கொடுக்கப்பட்ட தேதியைப் பின்பற்றுகிறது. எங்கள் பேரேடோ வேலை நடந்த தேதியைப் பின்பற்றியது. டிசம்பர் கடைசி வாரத்தில் உழைத்து ஜனவரியில் பெற்ற ஊதியம், முந்தைய ஆண்டின் அதே வாரம், எடுக்கப்படாத விடுப்புக்கான ஒதுக்கீடு என்று மூன்றும் கலந்து கிடந்தன. ஜூனில் அதைப் பிரித்தெடுக்க எனக்குப் பதினொரு நாட்கள் ஆயின. ஜனவரியிலேயே, ஆட்கள் எல்லாரும் இருக்கும்போதே, செய்திருந்தால் ஒரு நாள் வேலை.

போனஸ் ஒதுக்கீடு உண்டென்றால், அந்த வேலை நடப்பதற்கு முன்பே இருந்த உடன்பாடோ நடைமுறைத் திட்டமோ கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். துணை ஒப்பந்ததாரரின் டிசம்பர் பில் பிப்ரவரியில் வந்தாலும் செலவு டிசம்பருடையது. அவர்களிடம் இப்போதே மதிப்பீடு கேட்டு வாங்கிவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி

எல்லாருக்கும் நன்றி. மேலாளரிடம் 45 சதவீதக் கணக்கையும், 60 மணி நேரத்தை மாற்றினால் என்னவாகும் என்ற கணக்கையும் ஒரே தாளில் காட்டினேன். பதிவு வேண்டாம் என்று ஒப்புக்கொண்டார். பொறியாளரையும் நேரில் கேட்டோம். அதில் 6 மணி நேரம் நிறுவனம் நடத்திய பாதுகாப்புப் பயிற்சிக்குப் போனது, தவறுதலாக ஒப்பந்தத்தில் எழுதிவிட்டேன் என்றார். பயிற்சி வருகைப் பதிவிலும் அவர் பெயர் இருந்தது. டைம்ஷீட்டில் பழைய பதிவு தெரியும்படியே அவரே திருத்தி, காரணம் எழுதிக் கையெழுத்திட்டார், மேற்பார்வையாளரும் ஒப்பமிட்டார். மீதி 54 மணி நேரம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நிதி வரம்பு அறிவிப்பு அனுப்பப்படாமலே இருந்திருக்கிறது. இன்று காலை அனுப்பிவிட்டோம். 941 படிவங்கள் நான்கையும் எடுத்து வைத்திருக்கிறேன், நாளை அதைத் தொடங்குகிறேன்.