பெரிய வீட்டுக் குழு: குச்சி ஐஸ் ஏன் கல்லாகிறது?

சனிக்கிழமை

நான் (காலை 10:42): சித்தி, இருக்கிறீர்களா? பிள்ளைகளுக்கு லீவு என்று சாக்லேட் குச்சி ஐஸ் செய்தேன். கடித்தால் பல் கூசுகிறது. உள்ளே முழுக்க ஊசி ஊசியாக ஐஸ். வழவழவென்று வரவே இல்லை.

அண்ணி (10:45): எனக்கும் போன வாரம் இதேதான்.

சித்தி (10:51): என்ன பால் வாங்கினாய்? எவ்வளவு நேரம் காய்ச்சினாய்?

நான் (10:52): டோன்டு பால். ஒரு கொதி வந்ததும் இறக்கி, கோகோ தூளும் சர்க்கரையும் கலந்து அச்சில் ஊற்றிவிட்டேன்.

சித்தி (10:58): அங்கேதான் பிசகு. டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம்தான். 100 பங்கில் 88 பங்கு தண்ணீர். அது மெதுவாக உறையும்போது பெரிய பெரிய படிகமாகிவிடும். நாக்கில் ஊசியாகப் படுவது அதுதான். ஃபுல் க்ரீம் வாங்கு, 6 சதவீதம் இருக்கும். 1 லிட்டரை அடி கனமான பாத்திரத்தில் 600 மில்லி ஆகும்வரை காய்ச்சு. ஓரத்தில் ஒட்டும் ஆடையைச் சுரண்டிப் பாலிலேயே விடு. தண்ணீர் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு வழவழப்பு.

அண்ணி (11:00): நான் கடைக் க்ரீம் ஒரு டப்பா ஊற்றிப் பார்த்தேனே, அப்போதும் சரியாக வரவில்லை.

சித்தி (11:03): பாலைச் சுண்டவைத்தாயா? இல்லையென்றால் தண்ணீர் அப்படியேதான் இருக்கும்.

பெரியப்பா (11:05): எனக்கும் ஒன்று வேண்டும். சர்க்கரையைப் பாதியாக்கிவிடலாமா?

சித்தி (11:09): வேண்டாம் மாமா, அதுவும் கல்லாகிவிடும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிரிலும் எல்லாத் தண்ணீரையும் உறையவிடாமல் கொஞ்சத்தைப் பிடித்து வைப்பது சர்க்கரைதான். உங்கள் பங்கைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றச் சொல்கிறேன். அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா (11:10): சரிம்மா.

நான் (11:11): கோகோ கட்டி கட்டியாக நிற்கிறதே சித்தி?

சித்தி (11:18): நேராகப் பாலில் கொட்டினால் அப்படித்தான் நிற்கும். சர்க்கரை 100 கிராம், கோகோ 3 மேசைக்கரண்டி, கார்ன்ஃப்ளோர் 1 மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. இவற்றை முதலில் காய்ந்தபடியே கலந்துவிடு. ஆறிய பால் அரை டம்ளர் விட்டுக் கூழாக்கு. அப்புறம் சுண்டிய பாலில் ஊற்றி, சிறு தீயில் கரண்டியில் ஒட்டும் பதம் வரும்வரை கிளறு. கோகோவின் பச்சை வாசனை போய்விடும். கார்ன்ஃப்ளோர் மிச்சத் தண்ணீரையும் கட்டி வைக்கும். இறக்கியதும் டார்க் சாக்லேட் 50 கிராம் உடைத்துப் போட்டுக் கரையவிடு. சுவை பார்க்கும்போது இனிப்பு ஒரு படி தூக்கலாக இருக்கட்டும். உறைந்தால் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத் தெரியும்.

அண்ணி (11:20): என்னிடம் அச்சு இல்லை.

சித்தி (11:24): எவர்சில்வர் டம்ளர் எடுத்துக்கொள். பிளாஸ்டிக்கைவிட நல்லது, குளிர் சீக்கிரம் உள்ளே இறங்கும். வேகமாக உறைந்தால் படிகம் பொடியாக இருக்கும். கலவையைச் சூட்டோடு ஃப்ரீசரில் வைக்காதே. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 4 மணி நேரம் குளிரவைத்து, பிறகு டம்ளரில் ஊற்று. மேலே ஃபாயில் மூடி, நடுவில் கீறிக் குச்சியைச் செருகு, நேராக நிற்கும். காலைவரை கதவைத் திறக்காதே.

பெரியம்மா (11:31): எங்கள் தெருவில் ராத்திரி குல்பி வண்டி மணி அடித்துக்கொண்டு வரும். பானையைச் சுற்றி ஈரச் சிவப்புத் துணி. உள்ளே ஐஸும் கல்லுப்பும். தகரக் குப்பியை வெளியே எடுத்து உள்ளங்கையில் உருட்டித்தான் குல்பியை எடுப்பார்.

சித்தி (11:35): ஆமாம் அக்கா, உப்பு சேர்ந்தால் ஐஸ் 0 டிகிரிக்கும் கீழே போய்விடும். கரண்ட் போனால் இப்போதும் அதைச் செய்யலாம். வாளியில் 3 பங்கு ஐஸ், 1 பங்கு கல்லுப்பு, நடுவில் டம்ளர்கள். உப்புத் தண்ணீர் டம்ளருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஒரு தடவை உருகி மறுபடி உறைந்தால் ஊசி வந்துவிடும், அதனால் கரண்ட் போகும் நாளில் கவனம்.

நான் (11:38): பொள்ளாச்சித் தோப்பில் கோகோ காய்க்கிறதே, அதிலிருந்தே தூள் செய்யலாமா?

சித்தி (11:44): தென்னைக்கு நடுவே 40 மரம் நிற்கிறது. ஆனால் பழத்தை உடைத்ததும் தூளாகிவிடாது. வெள்ளைச் சதையோடு விதையை 5, 6 நாள் மூடிப் புளிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைக்க வேண்டும். புளிக்கவைக்காத விதையில் சாக்லேட் மணமே வராது. கொழுப்பைப் பிழிந்து எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் தூள், அது வீட்டில் முடியாது. நீ வரும்போது அந்த வெள்ளைச் சதையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். புளிப்பும் இனிப்புமாக அவ்வளவு நன்றாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 9:15): சித்தி! டம்ளரைத் தண்ணீரில் 5 நொடி பிடித்தேன், வழுக்கிக்கொண்டு வந்தது. ஊசி இல்லை. பெரியவன் இரண்டு சாப்பிட்டுவிட்டான். சின்னவள் குச்சியை இன்னும் விடவில்லை.

அண்ணி (9:17): நான் இப்போதுதான் பாலை அடுப்பில் வைத்தேன்.

சித்தி (9:18): தீயைக் குறைத்து வை. அடிப்பிடித்தால் அந்த வாசனை கோகோவையும் மீறி வரும்.

பெரியம்மா (9:26): மதியம் பஸ்ஸில் வருகிறேன். எனக்கு ஒன்று எடுத்து வை. அவருக்குச் சின்னக் கிண்ணம்.